தூதரகப் பணியும் துணைவியர் உழைப்பும்

ஐக்கிய அமெரிக்கா 1889இல் இலண்டன், பாரிஸ், பேர்லின் முதலிய தலைநகரங்களுக்கு இராணுவ இணைப்பதிகாரிகளை அனுப்பலாயிற்று. பிறநாட்டுப் படைநிலையை அவதானித்து அறிக்கையிடுதல் அவர்தம் கடமையாகும். தூதரகம் சட்டபூர்வமான வழிகளிலேயே தகவல் திரட்டலாம் என்பது 1961ஆம் ஆண்டு வியன்னா சமவாயத்தின் விதி. அவ்வழிகளுள் விருந்துபசாரம் நெடுங்காலமாகவே முக்கியமானது. விருந்தை நடத்தியவளோ பெரும்பாலும் அதிகாரியின் மனைவி.

இதனாலேயே, 1961இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் பாதுகாப்புப் புலனாய்வு முகவரகத்தின் பயிற்சியில் துணைவருக்கும் இடமளிக்கப்பட்டது. செல்லும் நாட்டின் வழக்காறுகள், உபசார முறைகள், பாதுகாப்பு எச்சரிக்கைகள் ஆகியன அவர்களுக்கும் கற்பிக்கப்பட்டன. எனினும் வியன்னா சமவாயத்தின் 37ஆம் உறுப்புரை மனைவியைக் குடும்ப உறுப்பினராக மட்டுமே நோக்குகின்றது. அவளுக்குப் பதவியுமில்லை, வேதனமுமில்லை.

1972இல் இராஜாங்கத் திணைக்களம், வெளிநாட்டுச் சேவையாளரின் மனைவியர் தனிமனிதரே எனவும், கணவரின் திறமை மதிப்பீட்டில் அவர்தம் நடத்தை இடம்பெறலாகாது எனவும் அறிவித்தது. அவ்வறிவிப்புப் படையதிகாரிகளின் மனைவியரைச் சாரவில்லை.

அந்நிய மண்ணில் வாழ்வதற்கான பயிற்சி துணைவரின் உரிமையாகும். அதனையே ஊதியமற்ற உழைப்புக்கான கட்டளையாக்குதல் நீதியாகாது. இவ்விரண்டிற்கும் இடையிலான எல்லையை வகுப்பதே அரசின் பொறுப்பு.