லோகோ.சிஸ் - பரணில் கிடக்கும் ஒரு படம்

1995 ஆகஸ்ட் 24 அன்னைக்கு இந்த லண்டன் மாநகர்ல 'தி டைம்ஸ்' பேப்பரைக் காசே வாங்காம கொடுத்தாங்க. சுமார் 15 லட்சம் பிரதிகளுக்கும் பணம் கட்டினது மைக்ரோசாஃப்ட். விசேஷம், விண்டோஸ் 95 வெளியீடு!

'ஸ்டார்ட்' பட்டன் புராணம் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதுக்கும் முன்னாடி வர்ற மேகப் படத்தைப் பத்தி.

அந்த மேகம் ஐஓ.சிஸ் என்ற கோப்புக்குள் இருந்தது. ஆனா சி டிரைவில் லோகோ.சிஸ் என்று தனியா ஒரு கோப்பு இருந்தா, கணினி அதைத்தான் காட்டும். பேருதான் மிரட்டல். உள்ளே இருப்பது சாதாரண பிட்மேப்: 320க்கு 400 புள்ளிகள், 256 நிறங்கள். பெயின்ட்ல வரைஞ்சு அந்தப் பேர்ல சேமிச்சா போதும். பிடிக்கலையா, அழிச்சுடுங்க, மேகம் திரும்பி வந்துடும்.

நம்மாளுங்களுக்கு இதுல ஒரு தனி லாபம். யூனிகோடில் 1991லேயே தமிழ் ஏறியாச்சு. ஆனா விண்டோஸ் தமிழுக்கு இடம் கொடுத்தது 2000 பதிப்பில்தான், லதா எழுத்துருவோடு. அதுவரை டிஸ்கி, டாப், டாம்னு ஆளுக்கொரு குறியீடு. எழுத்துரு இல்லாதவர் திரையில் வெறும் கிறுக்கல்தான். படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பெயின்ட்ல வரைஞ்ச 'வணக்கம்' எந்தக் கணினியிலும் 'வணக்கம்'தான்.

திரையைப் படம் பிடிக்கிறதும் அப்படித்தான். பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அமுக்கி, பெயின்ட்ல ஒட்டி, சேமிக்கணும். 800க்கு 600 திரை, முழு நிறத்தில் 14,40,054 பைட். ஃபிளாப்பியில் இருக்கும் இடம் 14,57,664. ஒரு ஃபிளாப்பிக்கு ஒரே படம்! துவக்கத் திரையை மட்டும் இப்படிப் பிடிக்க முடியாது, விண்டோஸே அப்போ முழுசா எழுந்திருக்காது. லோகோ.சிஸ்ஸையே காப்பி பண்ணிக்க வேண்டியதுதான்.

2001ல வந்த எக்ஸ்பியில் அந்தப் படம் கர்னல் கோப்புக்குள்ளேயே போயிடுச்சு. சாதாரண ஆள் கை வைக்க முடியாது. இப்போ மடிக்கணினியைத் திறந்தா பெரும்பாலும் தயாரிச்ச கம்பெனியோட சின்னம்தான். உள்ளே தமிழ் தாராளமா ஓடுது, ஆனா வாசல்ல கோலம் போடுற உரிமை போயிடுச்சு.

யார் வீட்டுப் பரணிலாவது பழைய 98 பெட்டி இருந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி சி டிரைவை ஒரு தடவை பாருங்க மக்களே. மறைஞ்சிருக்கிற கோப்புகளையும் காட்டச் சொல்லிப் பாருங்க. லோகோ.சிஸ் கிடைச்சா ஒரு காப்பி எடுத்து, கடைசியில் இருக்கிற 'சிஸ்'ஸை 'பிஎம்பி'ன்னு மாத்துங்க. யாரோ வரைஞ்ச தமிழ் அதுல இன்னும் இருக்கலாம் :-)