புலிக் கணக்கெடுப்பில் கோப்புச் சரிபார்ப்பு

தானியங்கிக் கேமராப் படங்களையும் அவற்றின் இடக்குறிப்புகளையும் தரவுத்தளத்தில் ஏற்றுமுன் ஒவ்வொரு கோப்பாகப் பிழை பார்க்கும் வேலை இது. நீலகிரியின் முதுமலைப் புலிகள் காப்பகத்தில் தெப்பக்காடு முதலிய சரகங்களிலும், நாட்டின் பிற காப்பகங்களிலும், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் டேராடூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனமும் வகுத்த முறையில் இப்பணி நடைபெறுகிறது.

இதன் தேவையை உணர்த்தியது பழைய கால்தட முறையின் தோல்வி. 1966இல் ஒடிசா வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வடிவமைத்த அம்முறையில், ஊழியர்கள் தடத்தின் மேல் கண்ணாடி வைத்து வரைவார்கள். சில இடங்களில் பிளாஸ்டர் அச்சும் எடுப்பார்கள். 1972இல் நடந்த முதல் அகில இந்தியக் கணக்கெடுப்பில் 1,827 புலிகள் என்று வந்தது. மணலில் பதிந்த தடம் ஒரு மாதிரி, ஈரச் சேற்றில் பதிந்தது வேறு மாதிரி. எது எந்தப் புலியினுடையது என்பதை வரைந்தவரின் கண்தான் தீர்மானித்தது. மறுபரிசோதனைக்கு வழியே இல்லை. 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் வன உயிரின ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கேமராப் படங்களில் வரிகளைக் கொண்டு புலிகளை அடையாளம் கண்டு, எண்ணிக்கையைப் புள்ளியியல் முறையில் மதிப்பிட்டுக் காட்டினார். ஆனாலும் அரசு முறை மாற, ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டிலிருந்த புலிகளில் ஒன்றுகூடக் காட்டில் இல்லை என்பது 2005இல் அம்பலமாக வேண்டியிருந்தது. 2006 முதல் கேமராப் படங்களைப் பயன்படுத்தும் புதிய முறை நடைமுறைக்கு வந்தது.

ஓரிடத்தில் எதிரெதிராக இரண்டு கேமராக்கள் கட்டப்படும். புலியின் இரு பக்கத்து வரிகளும் வேறு வேறானவை என்பதே காரணம். மெமரி கார்டு வந்ததும் முதலில் பார்க்கப்படுவது தேதி. பேட்டரி கழன்றால் சில கேமராக்களின் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடும். அந்தக் கார்டின் ஃபோல்டரிலுள்ள படங்கள் எல்லாம் கேமரா கட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்தவையாகத் தெரியும். எந்தப் புலி எந்த நாளில் சிக்கியது என்பதே மதிப்பீட்டின் அடிப்படை என்பதால் இதை விட முடியாது. இடத்தின் எண்ணும் தேதியும் எழுதிய அட்டையைப் பிடித்து முதல் படம் எடுத்து வைத்திருந்தால், பிசகு எத்தனை நாள் என்று கணித்து ஃபோல்டர் முழுவதையும் ஒரே வீச்சில் திருத்தலாம்.

அடுத்தது இடக்குறிப்பு. தெப்பக்காடு ஏறத்தாழ 11 பாகை 35 கலை வடக்கு, 76 பாகை 35 கலை கிழக்கு. இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் புள்ளி ஸ்வால்பார்டுத் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் விழும். எந்த மென்பொருளும் அதைப் பிடித்துவிடும். கலைகளைத் தசமமாக நினைத்து 11.35, 76.35 என்று பதிந்தால் புள்ளி நிலம்பூர்ப் பக்கம் போகும். அங்கும் காடுதான், ஆகவே பார்வைக்குச் சந்தேகம் வராது. காப்பக எல்லை வரைபடத்தோடு ஒப்பிட்டால்தான் அகப்படும்.

இவை தேறிய பிறகே கேட்ராட் மென்பொருள் படங்களை விலங்கு வாரியாகப் பிரிக்கும். எக்ஸ்ட்ராக்ட் கம்பேர் என்னும் மென்பொருள் புலிகளின் வரிகளை ஒப்பிடும். வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த முதுமலை, பந்திப்பூர், வயநாடு காடுகள் ஒட்டிக் கிடப்பதால், ஒரே புலி ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களின் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். 2018இல் நாடு முழுவதும் 26,838 இடங்களில் எடுத்த 3,48,58,623 படங்களில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. 2022இல் இடங்கள் 32,588, புலிப் படங்கள் 97,399.