விசாரிப்பது யார் வேலை?

டேட்டிங் செயலியை முதல்முறையாகக் கைபேசியில் இறக்கியிருக்கும் ஒருவருக்குக் கிடைக்கும் யோசனைகள் எல்லாம் அவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியவை. எந்தப் படத்தை முதலில் போடுவது, அறிமுக வரிகளில் வேடிக்கை எவ்வளவு சேர்ப்பது, முதல் செய்திக்கு வெறும் ‘ஹாய்’ போதுமா என்று பட்டியல் நீளும். ஆனால் நம் வீடுகளில் ஒரு சம்பந்தத்தைப் பற்றிப் பேச்செடுத்த உடனே விழும் கேள்வி வேறு: “நல்லா விசாரிச்சாச்சா?” விசாரிப்பு ஒரு தனி வேலை, அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். தரகர், பையனின் ஊரில் வாக்கப்பட்ட ஒன்றுவிட்ட அத்தை, அவன் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் என்று பலர் தலையில் அது பகிர்ந்து கிடந்தது. முன்பின் அறியாதவர்களைச் சேர்த்துவைக்கும் தொழிலுக்கு அச்சில் 300 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைப் படிக்கும்போது காதலைவிட அதிகமாகக் கண்ணில் படுவது இந்த விசாரிப்பு வேலை கைமாறிய கதைதான். பத்திரிகைக்காரரிடமிருந்து முகவருக்குப் போன அந்த வேலை, கணினி வந்தபின் ஏற்பாரில்லாமல், கடைசியில் செயலியைத் திறக்கும் புதியவரின் மடியில் வந்து விழுந்திருக்கிறது. அவருக்கு அதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல்.

லண்டனில் 1690களில் ஜான் ஹௌட்டன் என்பவர் ஒரு வார இதழ் நடத்தினார். மருந்துக்கடைக்காரர், ராயல் சொசைட்டி உறுப்பினர், தேயிலையும் காப்பியும் விற்றவர். வேளாண்மையையும் வணிகத்தையும் பற்றிய அந்த இதழில் தானிய விலைகளுக்குப் பக்கத்தில் விளம்பரங்களும் வந்தன. 1695 ஜூலை 19ஆம் தேதி இதழில் ஒரு கனவான் பெண் தேடினார்: தனக்கு 30 வயது அளவில், நல்ல சொத்து உண்டு, வரும் பெண்ணுக்கு 3,000 பவுண்டு அளவில் செல்வம் இருந்தால் மணக்கத் தயார். கல்யாண விளம்பரம் என்ற வகையின் தொடக்கத்தை வரலாற்றாளர்கள் வழக்கமாக இதிலிருந்துதான் எண்ணுகிறார்கள். இங்கே கவனிக்கவேண்டியது ஹௌட்டன் விளம்பரம் போட்ட முறை. அவர் பல விளம்பரங்களில் ‘எனக்குத் தெரிந்த ஒருவர்’, ‘என்னிடம் கேட்டால் சொல்கிறேன்’ என்ற தோரணையில் தானே பேசுவார். வேலைக்காரருக்கும் எஜமானுக்கும், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் அவரே நின்றார். அதாவது அச்சு வந்தவுடன் தரகர் போய்விடவில்லை. தரகர்தான் பத்திரிகை நடத்தினார்.

இதழ்கள் பெருகிப் பெருநகரம் முழுவதும் விற்கத் தொடங்கியதும், யாருக்காக எழுதுகிறோம் என்பது பத்திரிகைக்காரருக்கே தெரியாமல் போயிற்று. அப்போது என்ன நடக்கக்கூடும் என்பதற்கு ஒரு கொடூரமான சான்று இருக்கிறது. 1827 நவம்பரில் லண்டன் செய்தித்தாள்களில் 24 வயது இளைஞர் ஒருவர் மனைவி தேவை என்று விளம்பரம் கொடுத்தார். வசதியுள்ளவர், குடும்பத்தில் பெரும்பாலோரை அண்மையில் பறிகொடுத்தவர், வரும் கடிதங்களின் ரகசியம் காக்கப்படும் என்பவை அதன் சாரம். பதில்கள் குவிந்தன. மேரி மூர் என்ற பெண்ணை அவர் மணந்துகொண்டார். இருவரும் சேர்ந்து ஒரு பெண்கள் பள்ளி நடத்தினார்கள். 1828 ஏப்ரலில் சஃபோக் மாவட்டத்தின் போல்ஸ்டெட் கிராமத்தில், ஒரு களஞ்சியத்தின் தரைக்கடியில் மரியா மார்ட்டென் என்ற பெண்ணின் உடல் கிடைத்தது. கொன்றவர் வில்லியம் கார்டர், அந்த விளம்பரதாரர். ஆகஸ்டில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் வாங்கிக்கொள்ளாமல் ஒரு எழுதுபொருள் கடையில் தேங்கிக்கிடந்த 53 கடிதங்களைக் கடைக்காரரே புத்தகமாகப் போட்டு விற்றார். ரகசியம் காப்போம் என்ற வாக்குறுதி கடைசியில் அப்படி முடிந்தது. ஆனால் இந்த வழக்கின் உண்மையான பாடம் அதைவிட நுட்பமானது. கார்டரின் தந்தையும் சகோதரர்களும் இறந்தது நிஜம். அவர் வயதும் வசதியும் நிஜம். எழுதியதில் பெரிய பொய் இல்லை, எழுதாமல் விட்டதில்தான் ஒரு பிணம் இருந்தது. எழுதாததைக் கேட்டு அறிய ஊருக்குள் ஆள் வேண்டும். கார்டரின் ஊரில் மரியா காணாமல் போனது பலருக்கும் தெரியும், லண்டனில் விளம்பரம் படித்தவருக்குத் தெரியாது.

‘இதெல்லாம் கல்யாண விளம்பரம், டேட்டிங் வேறு சமாசாரம்’ என்று ஒருவர் மறுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் கோடு கிழிப்பது அவ்வளவு எளிதல்ல. இங்கிலாந்தில் 1915இல் தொடங்கிய ‘தி லிங்க்’ என்ற இதழ் கல்யாணத்தைப் பேசவில்லை, துணையும் நட்பும் தேடுபவர்களுக்கு என்றே நடந்தது. ஆண்களுக்கிடையே ஒருபால் உறவு கடுங்குற்றமாக இருந்த அந்தக் காலத்தில் ஆண்கள் சிலர் ‘இசைப் பிரியர்’, ‘கலை மனம் கொண்டவர்’ போன்ற சங்கேதச் சொற்களால் தங்களைப் போன்றவர்களை அங்கே தேடினார்கள். 1921இல் இதழை நடத்திய ஆல்ஃபிரட் பாரெட்டும் விளம்பரம் கொடுத்த சிலரும் பொது ஒழுக்கத்தைக் கெடுக்கச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள். தமக்காகப் பேச உறவிலோ ஊரிலோ ஒருவரும் இல்லாதவர்களுக்கு இந்த விளம்பரம்தான் ஒரே வாசல், மாட்டிவிட்டதும் அதே வாசல்தான். ‘டேட்டிங்’ என்ற வழக்கமே அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் அதுவரை இளைஞன் பெண்ணின் வீட்டுக்குப் போய், கூடத்தில் உட்கார்ந்து, அவள் தாயின் காதுக்கு எட்டும்படி பேசவேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்திப்பு உணவகத்துக்கும் நாடக அரங்குக்கும் இடம் மாறியது. வீட்டுக் கூடத்தோடு சேர்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த தாயும் காட்சியிலிருந்து போனார்.

தாய் விட்டுப்போன இடத்தை நிரப்ப முகவர்கள் வந்தார்கள். 1939 ஏப்ரலில் லண்டன் பாண்ட் தெருவில் ஹெதர் ஜென்னரும் மேரி ஆலிவரும் திறந்த கல்யாண முகமை, காலனிகளிலிருந்து விடுமுறையில் வந்து அவசரமாகப் பெண் தேடும் ஆண்களை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டது. வருபவரை நேரில் உட்காரவைத்துப் பேசி, அட்டையில் குறித்துக்கொண்ட பிறகே அறிமுகம். அதற்கு அடுத்த கட்டத்தில் கணினி நுழைந்தது. 1959இல் ஸ்டான்ஃபர்டில் இரண்டு மாணவர்கள் வகுப்புப் பாடத்துக்காக 49 ஆண்களிடமும் 49 பெண்களிடமும் கேள்வித்தாள் கொடுத்து, விடைகளை ஐபிஎம் 650 கணினியில் ஏற்றி, எந்த இருவரின் விடைகளுக்கு நடுவில் வித்தியாசம் குறைவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1964இல் லண்டனில் ஜோன் பால் என்ற பெண் இதையே வணிகமாக்கினார். ஒருவருக்கு எது வேண்டும் என்பதைவிட எது வேண்டாம் என்பதற்கு அவர் அதிக இடம் கொடுத்தார். 1965இல் ஹார்வர்ட் மாணவர்கள் தொடங்கிய ‘ஆபரேஷன் மேட்ச்’, மூன்று டாலர் வாங்கிக்கொண்டு ஜோடிப் பட்டியலைத் தபாலில் அனுப்பியது. பாண்ட் தெருப் பெண்மணியால் வந்தவர் முகத்தைப் பார்த்து ‘இது சரியில்லை’ என்று முடிவு செய்ய முடிந்தது. துளை அட்டையில் ஏறிய விடையைக் கணினி அப்படியே நம்பியது. பொருத்தம் பார்ப்பதும் விசாரிப்பதும் முதல்முறையாகப் பிரிந்தது இங்கேதான். கணினி ஜோசியரின் வேலையை எடுத்துக்கொண்டது, தரகரின் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கதையின் ஒரு முக்கிய அத்தியாயம் தமிழர்களுடையது. 1997இல் அமெரிக்காவில் கணினி வேலையில் இருந்த சென்னைக்காரர் முருகவேல் ஜானகிராமன் தமிழர்களுக்கென ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் ஒரு மூலையாக இருந்த வரன் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் சென்னையிலிருந்து நடக்கும் பாரத்மேட்ரிமோனி. அந்தத் தளத்தில் பதிவு செய்யும்போது ஒரு கட்டம் வரும்: இந்த விவரத்தைப் பதிவது யார் என்று. தானே, பெற்றோர், உடன்பிறந்தவர், நண்பர் என்று தேர்ந்தெடுக்கலாம். நாளிதழின் ‘மணமகள் தேவை’ பத்தியில் வரிக் கட்டணத்துக்குப் பயந்து சுருக்கிய வாசகங்களும், பெட்டி எண்ணுக்குப் போன கடிதங்களும் இங்கே இல்லை. ஆனால் வரனுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது என்பதன் அடையாளமாக அந்த ஒற்றைக் கட்டம் தங்கிவிட்டது. 2012இல் வந்த டிண்டர் என்ற டேட்டிங் செயலியில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. தொடக்கத்தில் ஃபேஸ்புக் கணக்கு வழியாகத்தான் உள்ளே போக முடியும், இருவருக்கும் பொதுவான நண்பர்கள் யார் என்று காட்டும். பிறகு அந்தக் கட்டாயமும் போயிற்று. ஸ்டான்ஃபர்டின் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017இல் சந்தித்த அமெரிக்க ஆண்-பெண் இணைகளில் சுமார் 39 விழுக்காட்டினர் இணையத்தில் அறிமுகமானவர்கள். நண்பர்கள் மூலம் அறிமுகமாவதை அது முந்திவிட்டது. விலகிப்போனவர் வெறும் அறிமுகக்காரர் அல்ல, ‘அவனா, வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவரும் அவர்தான்.

இங்கே வலுவான ஓர் எதிர்வாதம் உண்டு. பழைய விசாரிப்பு பாதுகாப்புக்காகவா நடந்தது? சாதி, கோத்திரம், நிலம், நகை இவற்றை எடைபோடத்தானே நடந்தது? தரகர் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார், மாப்பிள்ளை குடிப்பானா, கை நீட்டுவானா என்பதை மறைத்தார், ஏனென்றால் கல்யாணம் நடந்தால்தான் அவருக்குக் கமிஷன். இது முழுக்கச் சரி. அந்த ஏற்பாடு திரும்ப வரவேண்டும் என்று யாரும் ஏங்கத் தேவையில்லை. ஊர்க் கண்ணிலிருந்து தப்பிப்பதற்காகவே பலர் செயலிக்கு வருகிறார்கள். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் கீழ் ஒருபால் உறவைக் குற்றமாக்குவதை நிறுத்திய பிறகும், அத்தகைய உறவை நாடுபவர்களுக்காக வீடு வீடாகப் போய்ப் பேசும் தரகர் யாரும் கிளம்பிவிடவில்லை. ஆனால் விசாரித்தவர்கள் தவறான கேள்விகளைக் கேட்டார்கள் என்பதால் விசாரிப்பே வேண்டாம் என்று ஆகிவிடாது. சாதியைக் கேட்ட வாயை மூடினோம், நல்லதுதான். ஏற்கனவே கல்யாணமானவரா, முன்பு பழகியவரை எப்படி நடத்தினார் என்று கேட்கவேண்டிய வாயும் அதோடு சேர்ந்து மூடிக்கொண்டது.

நிறுவனங்களே சரிபார்க்கட்டுமே என்பது இன்னொரு பதில். ஓரளவு செய்கிறார்கள். 2016 ஜூனில் இந்திய அரசு வரன் தேடும் இணையதளங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பயனரின் அடையாளச் சான்றை வாங்கவேண்டும், தளம் கல்யாணத்துக்கு மட்டுமே, டேட்டிங்குக்கு அல்ல என்று அறிவிக்கவேண்டும் என்றது. அரசு கவனித்த எல்லைக்கு வெளியே டேட்டிங் செயலி நின்றது. டிண்டர் போன்றவை பிற்பாடு கொண்டுவந்த படச் சரிபார்ப்பு, படத்தில் இருப்பவரும் கைபேசிக்கு முன்னால் இருப்பவரும் ஒருவரே என்று மட்டும் சொல்லும். கார்டரும் அதில் தேறியிருப்பார். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 80 பேரின் உயரத்தையும் எடையையும் அளந்து, வயதையும் சரிபார்த்து, அவர்கள் இணையத்தில் எழுதியதோடு ஒப்பிட்டார்கள். 81 விழுக்காட்டினர் ஏதாவது ஒன்றில் பொய் சொல்லியிருந்தார்கள், ஆனால் பெரும்பாலும் சிறு பொய். புதியவர் பயப்படுவது இரண்டு அங்குலம் கூட்டிச் சொன்ன உயரத்தைப் பற்றி. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. காதல் மோசடிகளில் 2022இல் மட்டும் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 70,000 பேர் 130 கோடி டாலர் இழந்ததாக அந்நாட்டு வணிக ஆணையத்திடம் புகார்கள் பதிவாயின.

அப்படியானால் புதியவர் எங்கிருந்து தொடங்குவது? நம் அகப்பொருள் மரபில் ஒரு குறிப்பு கிடைக்கிறது. அது இலக்கிய மரபுதான், சமூகத்தின் நேரடிப் பதிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அதில் ஒரு யோசனை இருக்கிறது. தலைவன் தழையும் பூவும் கையுறையாக ஏந்தி வந்து நிற்பான், தோழி வாங்கமாட்டாள். ஏதாவது காரணம் சொல்லி, அவனைத் தூரத்திலேயே நிறுத்துவாள். இதற்குச் சேட்படை என்று பெயர். அவன் மீண்டும் வருகிறானா, சினக்கிறானா, எப்படிப் பேசுகிறான் என்பதெல்லாம் அந்த இடைவெளியில் வெளிப்பட்டுவிடும். தோழி உறவினருக்காக வேலை செய்யவில்லை, கமிஷனும் வாங்கவில்லை. அவள் தலைவியின் ஆள். தரகரிடம் இல்லாத தகுதி அதுதான். செயலி காலத்துச் சேட்படைக்குப் பெரிய வித்தை தேவையில்லை: நேரில் போகுமுன் காணொளியில் ஒருமுறை பேசுவது, முதல் சந்திப்பை ஆள்நடமாட்டமுள்ள இடத்தில் வைப்பது, பணம் என்ற பேச்சு வந்த நொடியில் நிறுத்திக்கொள்வது, அவசரப்படுத்துபவரைக் காக்கவைத்துப் பார்ப்பது, எங்கே எப்போது போகிறோம் என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவைப்பது. செயலியில் வயதுக்கும் ஊருக்கும் படங்களுக்கும் கட்டங்கள் உண்டு. தோழியின் பெயரை எழுதக் கட்டம் இல்லை. படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்தப் பெயரைத் தேர்ந்துவைத்துக்கொண்டவருக்கு விசாரிப்பு வேலையில் பாதி முடிந்தது.