ஒன்பது கஜமும் ஆறு கஜமும்

1985-ல் பணி நிமித்தம் நாக்பூரில் இருந்தோம். வரலக்ஷ்மி விரதத்தன்று மடிசாருடன் தாம்பூலம் கொடுக்கப் போன என் மனைவியிடம், அடுத்த வீட்டு மராட்டிய மாமி, "எங்கள் நவ்வாரியை நீங்களும் கட்டுவீர்களா?" என்று கேட்டாராம். "இது எங்கள் மடிசார்" என்று இவள் பதில் சொல்லிவிட்டு வந்தாள். தஞ்சையை மராட்டியர் ஆண்டபோது நமக்கு வந்ததுதான் அது என்பது என் கட்சி. பிற்பாடு கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் பார்ஹுத் சிற்பங்களைப் பார்த்தபோது என் கட்சி தளர்ந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டுச் சிற்பங்களிலேயே கச்சமிட்ட உடை இருக்கிறது!

கச்சத்துக்குக் காரணம் எளிது. கால் தடுக்காது. லாவணி ஆடுபவர்களுக்கும், மும்பைக் கோலி மீனவப் பெண்களுக்கும், நம் பாட்டிமார்களுக்கும் அது தேவையாக இருந்தது. குடகில் கொசுவம் முதுகுப்பக்கம் போகும். காவேரியின் வேகம் தள்ளிவிட்டது என்பது அவர்கள் புராணம். குஜராத்தில் தலைப்பு வலது தோள் வழியாக முன்னால் விழும். நம்மிலேயே ஐயர் கட்டில் தலைப்பு வலத்தோள், ஐயங்கார் கட்டில் இடத்தோள்!

இத்தனை கட்டுகள் இருந்த நாட்டில் ஆறு கஜக் கட்டு ஒன்றே எப்படி எங்கும் பரவியது? அதில் நம் போன்ற உத்தியோகக் குடும்பம் ஒன்றுக்கும் பங்குண்டு. ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர் (ரவீந்திரரின் அண்ணா) 1864-ல் பம்பாய் மாகாணத்தில் வேலையில் சேர்ந்தார். உடன் சென்றவர் மனைவி ஞானதாநந்தினி தேவி. வங்காளத்தில் அன்று ரவிக்கை, உள்பாவாடை இல்லாமல் ஒற்றைப் புடவையைச் சுற்றிக்கொள்வதே வழக்கம். அதோடு நாலு பேர் முன் எப்படி வருவது? பார்சிப் பெண்களின் கட்டைப் பார்த்துக் கற்றார். வலது கை வேலைக்கு வேண்டுமே என்று தலைப்பை இடத்தோளுக்கு மாற்றினார். ஊர் திரும்பியதும், விரும்புவோர்க்குக் கற்றுத் தருவதாக 'பாமாபோதினி பத்ரிகா'வில் விளம்பரமே செய்தார். பிரம்ம சமாஜப் பெண்கள் ஏற்றதால் 'பிராம்மிகா' புடவை என்ற பெயரும் வந்தது. இன்றைய ஆறு கஜக் கட்டு உருவானதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. நாம் சனாதனம் என்று நினைப்பதற்கு வயது நூற்றைம்பது சொச்சம்தான்!

மற்றக் கட்டுகளை இன்று புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது. ஷாந்தால் பூலாஞ்ஜே என்ற பிரெஞ்சுப் பெண்மணி நம் கட்டுகளை வகைப்படுத்தி 1997-ல் நூல் வெளியிட்டார். பிறகு ரீதா கபூர் சிஷ்டி 108 கட்டுகளைத் தொகுத்தார். படம் பார்த்துக் கட்டிவிடலாமா என்றால், என்னைப் போன்ற பி.எஸ்ஸி. பௌதிகத்துக்கு அது எட்டவில்லை.

சென்ற வருஷம் பேத்தியின் கல்யாணத்துக்குக் கொக்கி வைத்துத் தைத்த மடிசார் வந்தது. ஐந்து நிமிஷத்தில் மாட்டிக்கொண்டாள். என் மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் பழைய அரக்கு ஒன்பது கஜத்தை எடுத்துக்கொண்டு, அவளைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். முதல் இரண்டு தடவை கச்சம் நழுவியதாம். மூன்றாவது தடவை நின்றது.