படகுப் பொறியின் வணரித்தண்டு மாற்றீடு

வணரித்தண்டு என்பது உள் எரி பொறியில் பிஸ்டனின் மேல்-கீழ் இயக்கத்தைச் சுழல் இயக்கமாக மாற்றும் உறுப்பு ஆகும். பட்டறைகளில் இது கிராங்க் சாப்ட் என அழைக்கப்படுகிறது. படகின் சுழலிக்குச் செல்லும் விசை முழுவதும் இதன் வழியே செல்வதால், இது முறிந்தால் படகு நடுக்கடலில் இயக்கமற்று நிற்கும். எனவே பழுதுற்ற தண்டுக்குப் பொருத்தமான மாற்றுத் தண்டைத் தெரிவு செய்வது மீனவரின் உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடையது.

பூம்புகார் கடற்கரையில்

காவிரி வங்கக் கடலில் கலக்கும் பூம்புகார், 2020 இல் நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்தன. இவற்றில் வெளிப்பொருத்துப் பொறிகளும், நீள்தண்டு கொண்ட சிறிய டீசல் பொறிகளும் பயன்படுகின்றன. பெரிய விசைப்படகுகளில் பல உருளைகள் கொண்ட டீசல் பொறிகள் உள்ளன. கிழக்குக் கடற்கரையில் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. பொறிகளைப் பிரித்துச் சீரமைக்கும் காலமும் இதுவே.

பழுதின் காரணங்கள்

* எண்ணெய் குறைவதாலோ எண்ணெயில் நீர் கலப்பதாலோ தாங்கி தேய்ந்து தண்டைக் கீறுதல்.
* உருளைக்குள் நீர் புகுதல். நீர் அமுங்காது, ஆகவே பிஸ்டன் மேலேறும்போது இணைப்புத்தண்டோ வணரித்தண்டோ வளையக்கூடும்.
* உப்புநீர் பட்டுத் துருக்குழிகள் ஏற்படுதல். விரிசல்கள் இக்குழிகளிலிருந்து தொடங்கலாம்.

தண்டின் வகைகள்

நான்கு வீச்சுப் பொறிகளிலும் டீசல் பொறிகளிலும் தண்டு பெரும்பாலும் ஒரே துண்டாக இருக்கும். அது 'மெட்டல்' எனப்படும் வழுக்குத் தாங்கிகளில் சுழலும். தேய்ந்த தண்டைக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. குறை அளவுக்கான மெட்டல்களுடன் மீண்டும் பயன்படுத்தலாம். இரண்டு வீச்சு வெளிப்பொருத்துப் பொறிகள், பழைய நீர் ஸ்கூட்டர்கள் பலவற்றில் தண்டு பல துண்டுகளாக அழுத்திப் பொருத்தப்பட்டு, உருளைத் தாங்கிகளில் சுழலும். இதைப் பிரித்துச் சேர்க்க அழுத்தப்பொறியும் நேர்ப்படுத்தும் திறனும் தேவை.

தெரிவு செய்யும் முறை

1. பொறியின் வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் உதிரிப்பாக எண்ணை உறுதி செய்ய வேண்டும். வெளித்தோற்ற ஒற்றுமை போதாது.
2. வணரின் ஆரம் ஒத்திருக்க வேண்டும். ஆரம் 1 மி.மீ. கூடினால் வீச்சு 2 மி.மீ. கூடும், பிஸ்டன் உச்சியில் 1 மி.மீ. கூடுதலாக மேலேறும். டீசல் பொறியில் அங்குள்ள இடைவெளி மிகக் குறுகியது; பிஸ்டன் உருளைத் தலையில் மோதக்கூடும்.
3. சமன்சக்கரம் அமரும் முனையின் சரிவு, சாவித் துளை, பற்சக்கர இடம் ஆகியவற்றைப் பழைய தண்டுடன் ஒப்பிட வேண்டும்.
4. பயன்படுத்திய தண்டாயின் காந்தத் துகள் சோதனையால் விரிசலைத் தேட வேண்டும். ஜர்னல் பக்கச் சுவரைச் சந்திக்கும் வளைவான மூலையே விரிசல் தொடங்கும் முக்கிய இடமாகும். கடைசலில் அவ்வளைவு கூர்மையானால் தண்டின் வலிமை குறையும்.
5. நைட்ரைடு முறையில் கடினப்படுத்திய தண்டின் கடின அடுக்கு மெல்லியது. மிகுதியாகக் கடைந்தால் அது நீங்கிவிடும்; மீண்டும் கடினப்படுத்த வேண்டும்.

பொருத்தும்போது

எண்ணெய்த் துளைகளில் கடைசல் துகள் தங்கினால் புதிய மெட்டலும் விரைவில் கெடும். எனவே அவற்றை முழுமையாகக் கழுவ வேண்டும். பழைய தண்டு கெட்ட காரணத்தையும் நீக்க வேண்டும். எண்ணெய்ப் பம்பு, குளிர்விப்பான், உருளைத்தலை அடைப்பு ஆகியவற்றைச் சோதிக்காமல் பொருத்தப்படும் புதிய தண்டும் அதே பழுதுக்கு உள்ளாகும்.