மதராஸ் கண்ட தாய்

போன வாரம் போக்சனை நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்தில் தொலைநோக்கி முன்னால் உட்காரவைத்துவிட்டுப் போனோம். வாருங்கள், மனிதர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

1866 மே 16. கத்திரி வெயில் ஓய்ந்த இரவு. சீமையில் பேர் வாங்கிவிட்டு வந்து, ஐந்து வருஷமாக மதராஸ் சர்க்காரின் வானியலாளர். வந்த வருஷமே ஒரு சிறுகோளைப் பிடித்து 'ஏசியா' என்று பெயர் வைத்தவர். ஆசிய மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. இங்கிருந்தும் முடியும் என்று காட்டும் வேகம் அவருக்கு இருந்தது என்றே நினைக்கிறேன்.

சிறுகோள் வேட்டைக்குக் கண்தான் மூலதனம். வான்படத்தையும் வானத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தட்டுப்பட்டால்? படம் வரைந்தவர் விட்டுப்போன விண்மீனாக இருக்கலாம். புதுக் கோளாகவும் இருக்கலாம். காத்திருப்பது தவிர வழியில்லை. நின்றால் விண்மீன்.

நகர்ந்தால் கோள்.

நகர்ந்தது!

'சில்வியா' என்று பெயரிட்டார். ரோமாபுரிக் கதையில் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற தாயின் பெயர். தன் சில்வியாவுக்கும் பிள்ளைகள் உண்டென்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

2001-இல் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி ஒரு நிலவைக் காட்டியது. பிறகு சிலி நாட்டுத் தொலைநோக்கிப் படங்களில் இன்னொன்று. 2005-இல் அறிவித்தார்கள்: இரண்டு நிலவுகள் உள்ளதாகத் தெரியவந்த முதல் சிறுகோள், நம் மதராஸில் கண்ட சில்வியா. பெயருக்கு அலையவே வேண்டாம். ரோமுலஸ், ரீமஸ்.

இந்தப் பிள்ளைகள் பிறந்தது எப்படி?

என்றோ நடந்த பெரிய மோதல் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. சிதறியதில் பெரும்பகுதி மறுபடி ஒன்றாக விழுந்தது. அதனால்தான் சில்வியா கெட்டிப் பாறையல்ல. தண்ணீரைவிடச் சற்றே கனமான கற்குவியல். ஐந்தேகால் மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுழல்கிறது. மிச்சம் அதையே சுற்றிவந்தது. தாய்க்கு மிக அருகில் இருந்த துகள்களைச் சேரவிடாமல் அவள் ஈர்ப்பே பிரித்துவிடும். தள்ளி இருந்தவை உரசி, வேகம் குறைந்து, ஒன்றை ஒன்று இழுத்துத் திரண்டன. பழவேற்காட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. அலை கொண்டுவரும் மணல் பொடிப்பொடியாகச் சேர்ந்து, படகு கடலுக்குப் போகாதபடி முகத்துவாரத்தையே அடைத்துவிடுவதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

சின்னச் சிறுகோள்களுக்கு மோதல்கூட வேண்டாம். வாங்கிய வெயிலை வெப்பமாக உமிழும்போது கிடைக்கும் மெல்லிய உந்தலே அவற்றை லட்சக்கணக்கான ஆண்டுகளில் முடுக்கிவிடும். ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டி வந்துவிட்டால் நடுவயிற்றுக் கற்கள் கிளம்பிவிடும். அவை திரண்டால் நிலவு. 2022-இல் நாசா விண்கலம் மோதிய டிமார்ஃபோஸ் இப்படிப் பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

போக்சனுக்கு வருவோம். அவர் ஓயவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அதே மதராஸ், இன்னொரு புள்ளி. பெயர் காமில்லா.

அதற்கும் நிலவு உண்டு. எத்தனை? அடுத்த வாரம் சொல்கிறேன்.