விதைநெல்லிலிருந்து வடிகஞ்சி வரை

நெல்லின் பயணம் உப்புத் தண்ணீரில் தொடங்குகிறது. நாற்றங்காலுக்கு விதை தயார்செய்யும் உழவர், வாளித் தண்ணீரில் புது முட்டை ஒன்றைப் போடுகிறார். முட்டை அடியில் போய்க் கிடக்கிறது. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால், அது மேலெழுந்து நாணயமளவு தலைகாட்டும். அதுதான் பதம். விதைநெல்லைக் கொட்டியதும் சரியாக மணிபிடிக்காதது மிதக்கிறது, முற்றியது மூழ்குகிறது. மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, உப்பைப் போக்கிவிட்டுத்தான் முளைகட்டுவார்கள். அப்படி மூழ்கிப் பிழைத்த ஒரு விதையின் கதிரில் விளைந்த மணியைப் பின்தொடர்வோம்.

தை மாதம் அது களத்துக்கு வருகிறது. கதிரடித்ததும் தாளைவிட்டு உதிர்ந்த மணியோடு தூசியும் வைக்கோல் துணுக்கும் பதரும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. பதருக்கு நெல்லின் உருவம் அப்படியே உண்டு, உள்ளேதான் ஒன்றுமில்லை. பார்க்கும் கண்ணுக்கும் சலிக்கும் சல்லடைக்கும் இரண்டும் ஒன்றே. காற்று மட்டும் ஏமாறாது. முறத்தைத் தலைக்கு மேலே உயர்த்தித் தூற்றும்போது, மணி காலடியில் விழுகிறது, பதர் தள்ளிப் போய் விழுகிறது. பிரித்தல் என்ற வேலையின் சூட்சுமம் முழுவதும் இங்கே இருக்கிறது: கலந்து கிடக்கும் இரண்டும் எதில் வேறுபடுகின்றன என்று கண்டுகொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

இப்போது அடிப்பது, சலிப்பது, ஊதுவது மூன்றையும் அறுவடை இயந்திரம் தன் வயிற்றுக்குள்ளேயே செய்துவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் மறுபடியும் தூற்றி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, 40 கிலோ சிப்பமாகக் கட்டுகிறார்கள்.

ஆலையில் இரண்டு ரப்பர் உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. நடுவே நுழையும் நெல்லின் உமி உரிந்துவிடுகிறது. அதைக் காற்று உறிஞ்சிக்கொள்கிறது. உரியாமல் தப்பிய நெல்லும் உரிந்த அரிசியும் குலுங்கும் சாய்தட்டில் பிரிகின்றன, ஏனென்றால் அரிசி நெல்லைவிட அடர்த்தியானது, வழவழப்பானது. அடுத்து, அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிடு நீங்குகிறது. சல்லடையில் குருணை தனியாகிறது. கடைசியில் கேமரா ஒவ்வொரு மணியின் நிறத்தையும் பார்க்கிறது. கறுத்த மணி வந்தால், கண் இமைப்பதற்குள் ஒரு காற்றுப்பீச்சு அதை வெளியே தள்ளிவிடுகிறது. கடையில் நாம் ‘சார்டெக்ஸ் அரிசி’ என்று கேட்டு வாங்குவது இப்படித் தேறி வந்ததைத்தான்.

இந்த இயந்திரங்கள் வருவதற்கு முன்பு இத்தனை வேலையையும் பெண்களின் கைகள் செய்தன. உமியும் தவிடும் பறக்க முறத்தைத் தூக்கித் தட்டுவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துக் கல்லையும் மணியையும் தனித்தனியே ஒதுக்குவது கொழித்தல். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் அசைவுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி இது. அந்தக் கைகளின் நுட்பம் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு இந்தச் சொற்களே சாட்சி.

அந்த நுட்பத்தின் உச்சம் அரித்தல். அரிசியைத் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி, தண்ணீரோடு வேறு பாத்திரத்துக்குச் சாய்த்தால் கல் அடியிலேயே தங்கிவிடும். யாழ்ப்பாணத்து அரிக்கன் சட்டியின் உட்புறத்தில் இதற்கென்றே வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும், கல் அவற்றில் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் எதற்கு? ஒரே பருமனுள்ள அரிசியையும் கல்லையும் எடுத்துக்கொண்டால், காற்றில் கல்லின் எடை அரிசியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்ணீருக்குள் இரண்டுமே எடை குறைகின்றன, ஆனால் அரிசி தன் எடையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அதனால் வித்தியாசம் மூன்றரை மடங்காகிவிடுகிறது. மிதப்பு விதியைப் படிக்காத பாட்டிகள் அந்த விதியைக் கையில் வைத்திருந்தார்கள்.

பிறகு உலை. வெந்த சோற்றிலிருந்து கஞ்சியை வடிப்பதோடு கடைசிப் பிரித்தலும் முடிகிறது. விதைக்கு எடுத்த நாளில் தொடங்கியது, இலையில் விழும் நேரத்தில் நிறைவடைகிறது.

இந்த நெடும்பயணத்தில் பிரிக்கப்பட்ட எதுவும் வீணாகவில்லை. 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி அடுப்புக்கும் சூளைக்கும் போகிறது. தவிடு மாட்டுத் தீவனமாகவும் எண்ணெயாகவும் ஆகிறது. வைக்கோலும் அரிசி கழுவிய தண்ணீரும் மாட்டுக்கு, குருணை கோழிக்கும் நொய்க்கஞ்சிக்கும், வடித்த கஞ்சி குடிக்கவும் துணிக்குப் போடவும். பிரிப்பது வேறு, கழிப்பது வேறு என்பதை நம் வீடுகள் நெடுங்காலமாக அறிந்திருந்தன. வீட்டில் முறம் இன்னும் இருந்தால், பிள்ளைகள் கையில் ஒருமுறை கொடுங்கள். ஒரு பிடி அரிசியும் நாலு கல்லும் போதும், பாடம் அவர்கள் கையிலேயே நடக்கும்.